சாயங்கால டீ வரைக்கும்தான் என் வைராக்கியம், வழி சொல்லுங்க

சிகரெட்டை விட முடியல. வயசு 38, பதினாறு வருஷப் பழக்கம், ஒரு நாளைக்கு 10. ஒண்ணு 18 ரூபான்னு வெச்சாலே மாசம் 5,400. பையன் ஸ்கூல் வேன் காசுக்கு முழிக்கிற அதே ஆள்தான் இதையும் எடுத்துக் கொடுக்கிறேன். கணக்கு தெரியாம இல்ல, கை கேக்கல.

வீடு சத்துவாச்சாரி. வேலை ராணிப்பேட்டையில ஒரு தோல் ஷெட்ல. ஊற வெச்ச தோல் நாத்தத்துக்கு ஒரு தம் அடிச்சா தேவலைன்னு ஆரம்பிச்சது. நாத்தம் பழகிப்போச்சு, தம் நிக்கல.

எண்ணிக்கையைக் குறைச்சுப் பார்த்தேன், சம்பள நாள் வந்ததும் பழையபடி. மலிவுன்னு பீடிக்கு மாறினது வடிகட்டின முட்டாள்தனம், இருமல்தான் மிச்சம். சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்கிற, புகையிலையை விட உதவுற 1800-11-2356 நம்பருக்குப் போன் பண்ணேன். ஒரு தேதி குறிச்சு விடச் சொன்னாங்க. பொங்கல் முடிஞ்சு விட்டேன், 2 மி.கி. நிகோடின் சூயிங்கத்தோட. அதை சும்மா மெல்லக் கூடாது, காரம் ஏறினதும் கன்னத்தோரம் ஒதுக்கி வைக்கணும், டீ குடிச்ச உடனே போட்டா சரியா ஏறாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

19 நாள் தாங்கிச்சு. முதல் வாரம் தூக்கமில்ல, எல்லார் மேலயும் எரிச்சல். அதெல்லாம் அடங்கிடுச்சு. மாட்டிக்கிட்டது 4 மணி டீயில. வலது கையில கிளாஸ், இடது கை தானா காலி சட்டைப்பையைத் தடவுது. பக்கத்துல நின்னவர் ஒண்ணை நீட்டினார், அவ்ளோதான்.

டீயையும் விடாம, வேலையையும் மாத்தாம நிறுத்தினவங்க, அந்த டீ நேரத்தை எப்படித் தாண்டினீங்க?