ஆறிவரும் தையல் புண்ணில் தாங்க முடியாத அரிப்பு, அப்பாவுக்கு என்ன செய்யலாம்?

நெல்லைமகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 64, பைபாஸ் ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் ஓடுகிறது. சுகர் உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. நெஞ்சிலும், ரத்தக்குழாய் எடுத்த இடது காலிலும் தையல் நன்றாக ஒட்டிவிட்டது, போன வாரம் காட்டியபோது டாக்டரும் பார்த்துவிட்டு திருப்தி என்றுதான் சொன்னார். ஆனால் இப்போது வலியைவிட அரிப்புதான் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது. பகலில் பேப்பர், டிவி என்று ஓட்டிவிடுகிறார். ராத்திரி கண் அசந்ததும் கை தானாகக் காலுக்குப் போய்விடுகிறது, காலையில் பார்த்தால் பொருக்கு பெயர்ந்து லேசாக ரத்தம் கசிந்திருக்கிறது. "அரித்தால் புண் ஆறுகிறது என்று அர்த்தம், விடு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உண்மையா? ஏன் இப்படி அரிக்கிறது? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசச் சொல்கிறார் அத்தை, எனக்குப் பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு அக்கா:

வணக்கம்மா. சர்ஜரி வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், தையல் பிரித்த பிறகு அதிகமாகக் கேட்கிற புகார் இதுதான், அதனால் பயப்படாதீர்கள்.

பெரியம்மா சொன்னது பாதி சரி. தோல் கிழிந்ததும் அங்கே உள்ள செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளை வெளியே விடும். புண்ணுக்கு ரத்தம் கூடுதலாக வர அது தேவை, ஆனால் கொசு கடித்தால் அரிப்பை உண்டாக்குவதும் அதே ஹிஸ்டமின்தான். அப்புறம், கத்தி பட்டு அறுந்த நரம்பு நுனிகள் மறுபடி முளைக்கத் தொடங்கும். இப்படிப் புதிதாக முளைத்தவை இன்னும் பக்குவப்படாதவை, லுங்கி உரசினால்கூட மூளைக்கு "அரிக்கிறது" என்று சேதி அனுப்பிவிடும். இதோடு வறட்சியும் சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் தழும்புத் தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் திரும்ப வளர்வதில்லை, சுகர் இருப்பவர்களுக்கு ஏற்கெனவே கால் தோல் காய்ந்துதான் இருக்கும். பொருக்கு காய்ந்து இறுகும்போது பக்கத்துத் தோலையும் பிடித்து இழுக்கும். இத்தனையும் ஒரே இடத்தில் நடந்தால் அரிக்காமல் என்ன செய்யும்?

மீதிப் பாதியில்தான் கவனம் வேண்டும். சீழ் பிடித்தாலும் அரிக்கும், பிளாஸ்திரி ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அரிக்கும். அதனால் அரிப்பை மட்டும் வைத்து ஆறுகிறது என்று முடிவு கட்டக்கூடாது. தினமும் நல்ல வெளிச்சத்தில் புண்ணைப் பாருங்கள். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், சீழோ கெட்ட வாடையோ வந்தால், காய்ச்சல் அடித்தால், அல்லது நெஞ்சில் இருமும்போது எலும்பு "டக்" என்று நகர்வதுபோல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பொருக்கு பெயர்ந்து ரத்தம் கசிந்தது என்றீர்களே, அந்த இடத்தையும் சுகர் இருப்பதால் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அதுவரை சாதாரண சோப்புத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்து, சுத்தமான காஸ் துணியால் மூடிவையுங்கள்.

அரிப்புக்கு முதல் வேலையாக நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், ராத்திரி கையில் பருத்தி சாக்ஸ் மாட்டிவிடலாம். அரிக்கும்போது புண்ணைத் தொடாமல் பக்கத்துத் தோலை உள்ளங்கையால் அழுத்தச் சொல்லுங்கள், அல்லது குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பக்கத்தில் வைக்கலாம். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கவே வேண்டாம், சுகர் காலில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தோல் வெந்ததுபோல் ஆவதுகூடத் தெரியாது. வெந்நீர்க் குளியலும் அரிப்பைக் கூட்டும், வெதுவெதுப்பு போதும்.

திண்டுக்கல் ராஜா:

எனக்கு சமையலறை விபத்தில் முன்கை வெந்து, ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அரிப்பு இருந்தது, அதனால் அப்பாவின் நிலை எனக்குப் புரிகிறது. "சொறியாதே" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. சொறிந்தால் சின்ன வலி உண்டாகும், அந்த வலி அரிப்பைக் கொஞ்ச நேரம் அமுக்கும். வலியைத் தணிக்க உடம்பு செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும், அந்த செரட்டோனினே அரிப்பு நரம்புகளை மறுபடி கிளப்பிவிடும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். சொறிந்தவருக்கு நிறுத்த முடியாமல் போவது மனவலிமை இல்லாததால் அல்ல, தயவுசெய்து அப்பாவைத் திட்டாதீர்கள். தூக்கம் கெடுகிறது என்றால் டாக்டரிடம் அதையே சொல்லுங்கள். எனக்கு ராத்திரிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், தீக்காய அரிப்புக்கு நரம்புக்கான காபாபென்டின் வரை எழுதுவதுண்டு.

வேப்பமரத்தடி:

தங்கச்சி, மஞ்சள் எண்ணெய்க்கு இவ்வளவு பயம் எதற்கு? நாங்கள் எல்லாப் புண்ணுக்கும் அதைத்தான் பூசினோம். அம்மை போட்டால் வேப்பிலைக் கொத்தால் தடவிவிடுவார்களே, அரிப்பு எவ்வளவு இதமாக அடங்கும்!

வார்டு அக்கா:

ஐயா, வேப்பிலையால் தடவுவது எனக்கும் பிடித்த முறை. மெதுவாக வருடும்போது அரிப்பு அடங்கும், நகம் படாததால் தோலும் கிழியாது. அப்பாவுக்கும் தையலை விட்டுத் தள்ளி, நல்ல தோலில் மெல்லிய துணியால் அப்படி வருடிவிடலாம். ஆனால் வீட்டு மஞ்சள்தூளை ஆபரேஷன் புண்ணில் போட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கிருமி நீக்கியது அல்ல, போதாததற்கு மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் புண் சிவக்கிறதா, சீழ் வைக்கிறதா என்றே தெரியாது. நெஞ்செலும்பு வரை கிருமி இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

எண்ணெய் பூசி ஈரம் காயாமல் காப்பது நல்லது என்ற எண்ணம் சரிதான். 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சோதித்துப் பார்த்தார், மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. காற்றாட விட்டுப் பொருக்கு கட்டவைப்பதுதான் நல்லது என்ற பழைய நம்பிக்கை அதிலிருந்துதான் ஆட்டம் கண்டது. தையல் முழுக்க மூடி, பொருக்கும் தானாக உதிர்ந்த பிறகு, சர்ஜனைக் கேட்டுவிட்டு வாசனை இல்லாத வாசலின் மெலிதாகத் தடவுங்கள். கசிகிற இடத்தில் எதுவும் வேண்டாம்.

நெல்லைமகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் மரத்துப்போய் இருக்கிறது என்கிறார், அதே இடம் அரிக்கவும் செய்கிறது, அது எப்படி? அப்புறம் நெஞ்சில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடம் சதுரமாகச் சிவந்து பொடிப்பொடியாகப் பொங்கியிருக்கிறது. மெடிக்கலில் அவில் என்ற அலர்ஜி மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வார்டு அக்கா:

காலிலிருந்து ரத்தக்குழாய் எடுக்கும்போது அதை ஒட்டியே ஓடும் தோல் நரம்பும் அடிபடுவது சகஜம். நரம்பு வேலை செய்யாத பகுதி மரத்திருக்கும், அது திரும்ப வளரும்போது அரிப்பும் சுருக்சுருக்கென்று குத்தலும் வரும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பல மாதம் எடுக்கலாம், சிலருக்குக் கொஞ்சம் மரமரப்பு நிலைத்தும் விடும். டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான சாக்ஸை அரிக்கிறது என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள், தினமும் துவைத்துச் சுருக்கமில்லாமல் மாட்டினாலே உரசல் பாதி குறையும்.

பிளாஸ்திரி அளவுக்கே சதுரமாகச் சிவந்திருந்தால் பெரும்பாலும் அதன் பசை ஒத்துக்கொள்ளவில்லை. காகித டேப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நியோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த பவுடரோ களிம்போ போட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சிலருக்கு அதுவே அலர்ஜி ஆகும்.

அவில் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பழைய வகை மருந்து அது, வயதானவர்களுக்குத் தலைசுற்றும், ப்ராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுந்தால் ஒட்டிவரும் நெஞ்செலும்பு என்ன ஆகும்? தூக்கம் அவ்வளவாகத் தராத செட்டிரிசின் மாதிரி மாத்திரைகள் உண்டு, அப்பாவின் மற்ற மாத்திரைச் சீட்டையும் கிட்னி டெஸ்ட் ரிப்போர்ட்டையும் காட்டி டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.

நெஞ்சுத் தழும்பை மட்டும் அடுத்த சில மாதங்களுக்குக் கண்ணில் வைத்திருங்கள். கீலாய்டு எனப்படும் புடைத்த தழும்பு நெஞ்சின் நடுவில்தான் சுலபமாக வரும், கருநிறத் தோல் உள்ள நம்மவர்களுக்கு வாய்ப்பு அதிகம். தழும்பு தடித்து, வெட்டிய கோட்டையும் தாண்டி வளர்ந்து, அரிப்பும் விடாமல் இருந்தால் தோல் டாக்டரிடம் சீக்கிரம் காட்டுங்கள். ஆரம்பத்தில் தழும்பின் மேல் ஒட்டும் சிலிகோன் ஷீட் அல்லது ஊசியிலேயே பெரும்பாலும் அடங்கும்.