வேலையில் இருந்துகொண்டே தலைமைத்துவத்தில் பிஎச்.டி.: வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்து அனுபவங்கள்

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி மனிதவள மேலாளர்

வேலையில் இருந்துகொண்டே பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் நேரத்தைப் பற்றித்தான். நேரம் பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் தலைமைத்துவத்தை ஆராய்ச்சிப் பொருளாக எடுக்கிற மேலாளருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் நம்மிடம் உண்மையைச் சொல்வார்களா? என் ஆராய்ச்சி முழுக்க அதைச் சுற்றித்தான் போனது.

ஏற்றுமதிக்கு ஷூ தைக்கிற கம்பெனி எங்களுடையது. தையல் லைனில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆற்காடு, கலவை, வாலாஜா, சோளிங்கர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். மெஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துக் காட்டினால்தான் புது ஊசி கொடுப்போம். ஒரு துண்டு ஷூவுக்குள் தங்கிவிட்டால் போட்டுக்கொள்கிறவர் காலில் குத்தும் என்பதால் இந்த விதி. ஆனால் சில லைன்களில் ஊசி உடைந்தால் உடனே தெரியவரும், சில லைன்களில் தெரியவே வராது. மெஷின் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான். சூப்பர்வைசர் மட்டும் வேறு. ஆராய்ச்சிக்கான கேள்வி எனக்கு அங்கேதான் கிடைத்தது. புத்தகத்தில் தேடி எடுத்த தலைப்பாக இருந்திருந்தால் ஷிப்மெண்ட் நெருக்கடி வரும் மாதங்களில் அதைக் கைவிட்டிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

கோர்ஸ் ஒர்க்கில் (பிஎச்.டி.யின் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) நிறையப் படித்தோம். ஜேம்ஸ் மெக்கிரிகர் பர்ன்ஸ் 1978-இல் முன்வைத்த, பெர்னார்ட் பாஸ் 1985-இல் அளந்து பார்க்கும்படி விரித்த மாற்றத் தலைமை (ஆட்களின் நோக்கத்தையும் ஊக்கத்தையும் உயர்த்துகிற தலைமை), ராபர்ட் கிரீன்லீஃப் 1970-இல் எழுதிய தொண்டுத் தலைமை (முதலில் தன் ஆட்களுக்குத் தொண்டு செய்கிற தலைமை) என்று ஒவ்வொன்றும் ஒரு வாசல். எனக்கு மனதில் ஒட்டியது நம் நாட்டு உளவியலாளர் ஜெய் பி.பி. சின்ஹா 1980-இல் சொன்னது. இங்கே ஆட்கள் ஏற்கிற தலைவர், பாசத்தோடு கவனித்துக்கொள்வார், வேலையில் கண்டிப்பாகவும் இருப்பார் என்பது அவர் கருத்து. படித்ததும் எங்கள் லைன் சூப்பர்வைசர் அம்மா ஒருவர் கண்முன் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துவிட்டு, அதே மூச்சில் டார்கெட் எங்கே என்றும் கேட்பார். அவர் லைனில் ஊசி உடைந்தால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது முன்னோட்ட ஆய்வு, அதாவது சிறிய அளவில் செய்து பார்க்கும் சோதனை. கேள்வித்தாளை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொடுத்து வாங்கினோம். கிட்டத்தட்ட எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்திருந்தார்கள். நம்பகத்தன்மைக்குப் பார்க்கும் குரோன்பாக் ஆல்ஃபா 0.70 வந்தாலே போதும் என்பார்கள். எங்களுக்கு அதற்கு மிகவும் மேலே வந்தது. கைடு (ஆராய்ச்சி வழிகாட்டி) அந்த எண்ணைப் பார்க்கவில்லை. "இதை யாரும்மா கையில வாங்கினது?" என்று மட்டும் கேட்டார். முன்னோட்டம் என்று ஒன்றை வைத்திருப்பதே இதற்குத்தான். கலவைப் பக்கத்திலிருந்து வரும் மூத்த தொழிலாளி ஒருவரிடம் தனியாகப் பேசினேன். "மேடம், நீங்க நல்லவங்கதான். ஆனா அந்தப் பேப்பர் அப்புறம் யார்கிட்ட போகும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதற்குப் பிறகு முறையையே மாற்றினோம். எங்கள் கம்பெனியை மையத் தரவிலிருந்து எடுத்துவிட்டு வேறு கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களை அவர்கள் ஊரிலேயே போய்ப் பார்த்தோம். கேட்டது நான் இல்லை, சமூகப்பணி படிக்கும் மாணவிகள். பெயர் இல்லை, டோக்கன் எண் இல்லை, கம்பெனி பெயர்கூட இல்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அதே கேள்விகளுக்கு வேறு பதில்கள் வந்தன. தன் கீழ் வேலை செய்கிறவர்களையே ஆராய்ச்சிக்கு எடுப்பவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று திருப்திப்படக் கூடாது. சம்பளம் போடுகிறவர் நீட்டும் படிவத்தில் யார்தான் கையெழுத்துப் போடமாட்டேன் என்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செமினாருக்கு மற்றவர்கள் பெரிய நிறுவனத் தலைவர்களை எடுத்தபோது நான் வேலூர்க் கோட்டையை எடுத்தேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று தளபதி கிரடாக் உத்தரவு போட்டார். மறுத்துச் சொன்ன சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது. புரட்சிக்கு முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே சதி நடக்கிறது என்று எச்சரித்தார். ஃபோர்ப்ஸ் அதை விசாரிக்கும் பொறுப்பை அங்கிருந்த இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்களோ திட்டத்துக்கு உள்ளே இருந்தவர்கள். இவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லிவிட, முஸ்தபா பேக் அடைக்கப்பட்டார். பின்னால் ஆளுநர் பென்டிங்க், கிரடாக் இருவரையுமே இங்கிலாந்து திரும்ப அழைத்துக்கொண்டது.

யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் ஆராய்ச்சிக்கு உதவியது வேறு. கீழிருந்து ஆட்சேபணை மேலே போனது, அதற்குச் சாட்டை பதிலானது. எச்சரிக்கை போனது, யாரைப் பற்றிய எச்சரிக்கையோ அவர்களிடமே விசாரணைக்குத் திரும்பியது. இன்றைக்கும் சூப்பர்வைசர் மீது வரும் புகாரை விசாரிக்கச் சொல்லி அதே சூப்பர்வைசரிடம் அனுப்புகிற நிறுவனங்கள் இருக்கின்றன. திண்ணையில் பேசிய பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: "சொன்னா சுத்திச் சுத்தி அவர்கிட்டயேதான் வரும்."

வேலூர், மருத்துவமனை வார்டு இன்சார்ஜ்

மேடம் எழுதியதைப் படித்ததும் எங்கள் வார்டுதான் நினைவுக்கு வந்தது. நானும் பகுதிநேரமாகச் செய்கிறேன், செவிலியத் தலைமை என் தலைப்பு.

நான் எடுத்துக்கொண்டது மருந்துத் தவறுகள். தவறு நடந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நடக்கவிருந்து கடைசி நிமிடத்தில் தடுத்ததையும் எழுத வேண்டும். எந்த வார்டில் படிவம் அதிகமாக வருகிறதோ அந்த வார்டு மோசம் என்றுதான் பல காலம் எல்லோரும் நினைத்திருந்தோம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது இந்த எண்ணம் கலைந்தது. மருத்துவமனைக் குழுக்களில் நல்ல தலைமை உள்ளவற்றில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகம். தவறு அதிகம் நடந்ததால் இல்லை, சொல்லப் பயம் இல்லாததால் பதிவாயின என்று அவர் விளக்கினார். 1999-இல் அதைத்தான் உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தாக வளர்த்தார்.

எங்கள் ஊரின் தன்மையும் இதில் சேர்கிறது. வங்காளம், ஜார்க்கண்ட் என்று தூரத்திலிருந்து வரும் நோயாளிகள் நிறைய. மொழி முழுதாகப் புரியாது. ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டால் உறவினர் சும்மா தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலை நம்பலாமா கூடாதா என்று சந்தேகப்படுவது புதிதாகச் சேர்ந்த சிஸ்டர்தான். "எனக்குச் சரியாப் புரியல, இன்னொரு தடவை கேட்கலாமா?" என்று அந்தப் பெண் டாக்டரிடம் வாய் திறக்க வேண்டும். அதற்கு இன்சார்ஜ் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

நைட் டூட்டி முடித்துவிட்டு எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வராது. விடுமுறை நாள் காலைகளில் மட்டும் எழுதுகிறேன், மற்ற நாட்களில் படிப்பதோடு சரி. இதற்கு என் கணவரும் மாமியாரும் ஒத்துழைக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

காட்பாடி, தனியார் வங்கி ஊழியர்

அக்கா, மேடம், ஒரு சந்தேகம். எம்பிஏ முடித்திருக்கிறேன். ஒரு வருடத்தில் ஆன்லைனிலேயே தலைமைத்துவ டாக்டரேட், வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்று அடிக்கடி போன் வருகிறது. பணம் கட்டலாமா? இங்கே பகுதிநேரம் சேர்ந்தால் எவ்வளவு காலம் ஆகும்? அலுவலகத்தில் என்ன கடிதம் வாங்க வேண்டும்?

குடியாத்தம் பக்கம், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்

தம்பி, பணத்தைக் கட்டிவிடாதீர்கள். கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.க்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசியும் (பல்கலைக்கழக மானியக் குழு) ஏஐசிடிஇயும் (தொழில்நுட்பக் கல்விக் குழு) 2022 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டன. தொலைநிலைக் கல்வியிலும் பிஎச்.டி. கிடையாது. பகுதிநேரம் என்பது வேறு, அதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது.

நான் கல்வியியலில் செய்தேன். அரசு ஊழியர் என்பதால் துறை அனுமதி வாங்கித்தான் சேர்ந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைமை எப்படிப் பகிரப்படுகிறது என்பது என் தலைப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் குழுவில் பீடி சுற்றுகிற தாய்மார்கள் உண்டு. கூட்டத்தில் நான் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை "சார் சொன்னாச் சரிதான்" என்பார்கள். குழுத் தலைவியான அம்மாவை நடுவில் உட்காரவைத்து, நான் ஓரத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பை மட்டும் எழுத ஆரம்பித்த பிறகு, கழிப்பறைத் தண்ணீர்ப் பிரச்சினை முதல் பஸ் நேரம்வரை எல்லாம் வெளியே வந்தது. அந்தக் குறிப்பேடுகள்தான் என் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு.

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி மனிதவள மேலாளர்

சார் சொன்னதோடு மீதியை நான் சேர்க்கிறேன் தம்பி. இப்போது நடப்பில் இருப்பவை யுஜிசியின் 2022 பிஎச்.டி. விதிமுறைகள். குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. முதுகலையில் பொதுவாக 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு. நுழைவுத் தேர்வு, நேர்காணல், அப்புறம் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க். முன்னேற்றத்தை ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் வைக்க வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டிய கடிதம் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கும்படியான வேலைதான் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம் என்ற உறுதி. மூன்றாவதுதான் முக்கியம். என்னோடு கோர்ஸ் ஒர்க் சேர்ந்த ஒருவருக்கு அவர் வேலை செய்த இடத்தில் கடிதத்தைத் தாராளமாகக் கொடுத்தார்கள், ஆனால் வகுப்பு நாளில் விடவில்லை. அவர் பாதியில் நின்றுவிட்டார். நல்ல ஆராய்ச்சியாளராக வந்திருக்க வேண்டியவர், இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. கடிதம் வாங்கும்போதே மேலதிகாரியோடு உட்கார்ந்து எந்தெந்த நாள் என்று பேசி முடித்துவிடுங்கள்.

தலைமைத்துவத்துக்குத் தனித் துறை தேடி அலைய வேண்டாம். நீங்கள் எம்பிஏ என்பதால் மேலாண்மையில் பதிவு செய்து தலைப்பைத் தலைமைத்துவத்தில் வைத்துக்கொள்ளலாம். விஐடி பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டின் அறிவிப்புகளையும் பாருங்கள். அதற்கு முன் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஆய்வேடுகளைத் திறந்து, முக்கியமாகத் தரவு எப்படிச் சேகரித்தார்கள் என்ற அத்தியாயத்தைப் படியுங்கள். வங்கியில் உங்கள் கிளை ஆட்களையே கேட்கப்போகிறீர்களா, வேறு கிளைக்குப் போகப்போகிறீர்களா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.

கைடைப் பார்க்கப் போகும்போது இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ள முடியும். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. அதையும் முதல் சந்திப்பிலேயே மரியாதையோடு கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.