ஊழலைத் தோண்டும் படங்கள் வரலாறா, வெறும் கதையா?

செம்பூர்வாசி:
போன ஞாயிறு எங்கள் குடியிருப்பில் பத்துப் பேர் சேர்ந்து 'ஆல் தி பிரெசிடென்ட்ஸ் மென்' பார்த்தோம். 1976-இல் வந்த படம். வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் 1972 ஜூனில் பிடிபடுகிறார்கள். வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் நூல் பிடித்துப் பிடித்து அதிபர் நிக்சனின் ஆட்கள்வரை போகிறார்கள். படம் முடிந்ததும் கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள், "எங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரிதானே இருந்தது?" என்று கேட்டாள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான்: இந்த மாதிரிப் படங்களை வரலாறாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊழல் நடந்தது என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிவிடும். அது எப்படி வெளியே வந்தது, யார் வாய் திறந்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்பதைச் சொல்லாது. அந்தப் படத்தில் ஒரு நூலகக் காட்சி வரும். யார் யார் என்னென்ன புத்தகம் வாங்கினார்கள் என்ற சீட்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டுவார்கள். கேமரா மேலே போய்க்கொண்டே இருக்கும், அவர்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடுவார்கள். கடைசியில் ஒன்றும் கிடைக்காது. ஒரு நாள் முழுக்க உழைத்து வெறுங்கையோடு திரும்புவதை எந்தப் புத்தகம் இப்படிக் காட்டும்?

பழைய_காசாளர்:
நான் உடன்படவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992-இல் ஃபோர்ட் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்த்தேன். பங்கு புரோக்கர் ஹர்ஷத் மேத்தா வங்கிப் பணத்தில் செய்த மோசடி விவகாரத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். அதைப் பற்றி 2020-இல் 'ஸ்கேம் 1992' தொடர் வந்தது. என் தங்கையின் பேரன் அதன் இசையைத்தான் போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறான். "தாத்தா, அப்போ நீங்க ஷேர் வாங்கலையா?" என்று கேட்கிறான். செய்தியை உடைத்த நிருபர் சுசேதா தலாலின் பெயர் அவனுக்குத் தெரியாது. ஏமாற்றியவரின் வசனங்கள் மட்டும் மனப்பாடம். இதுதான் நீங்கள் சொல்லும் வரலாறு அவன் மண்டையில் போட்ட கோலம்.

நடந்தது என்ன? ஒரு வங்கி அரசுக் கடன்பத்திரத்தை இன்னொரு வங்கிக்கு விற்றால், பத்திரத்தைக் கையில் கொடுக்காமல் 'பேங்க் ரிசீப்ட்' என்று ஒரு சீட்டு கொடுக்கும். நாங்கள் பிஆர் என்போம். பத்திரம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது, பிறகு தருகிறோம் என்று அர்த்தம். பின்னால் பத்திரமே இல்லாமல் சீட்டு மட்டும் வந்தால்? பேங்க் ஆஃப் கராட் மாதிரிச் சின்ன வங்கிகளின் சீட்டுகள் அப்படித்தான் வந்தன. வங்கி பேரில் எழுதிய காசோலை புரோக்கர் கணக்கில் வரவானது. அந்தப் பணம் பங்குச் சந்தைக்குப் போனது. இதைக் கணக்குப் போட்டுக் கோடி கோடியாகப் பிரித்துக் காட்டியது ரிசர்வ் வங்கியின் ஜானகிராமன் குழு. பேரேட்டை விடிய விடியச் சரிபார்த்தது எங்களைப் போன்ற குமாஸ்தாக்கள். படம் எடுத்தால் நாங்கள் மேஜைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவோம்.

வாட்டர்கேட் படமும் அப்படித்தான். 1973 ஜனவரியில் நிக்சன் இரண்டாம் முறை பதவியேற்பதோடு கதை நின்றுவிடுகிறது. அவர் பதவி விலகியது 1974 ஆகஸ்டில். நடுவில் வழக்கை விசாரித்த நீதிபதி சிரிக்கா, செனட் குழு, நிக்சன் தன் அலுவலகப் பேச்சுகளைப் பதிவு செய்து வைத்திருந்த ஒலிநாடாக்கள், அவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எல்லாம் கடைசியில் டெலிபிரின்டர் அடிக்கும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. பார்ப்பவன் என்ன நினைப்பான்? இரண்டு பையன்கள் ஓர் அதிபரைக் கவிழ்த்தார்கள் என்றுதானே?

செம்பூர்வாசி:
சார், குமாஸ்தா இல்லை என்கிறீர்களே, 'ஸ்கேம் 1992' தொடங்குவதே ஸ்டேட் பேங்க் ஊழியர் ஒருவர் பத்திரிகை அலுவலகத்துக்குப் பதற்றத்தோடு வருவதில்தான். கணக்கில் 500 கோடி இடிக்கிறது என்று முதலில் சொல்வது அவர்தான்.

அப்புறம் வாட்டர்கேட். அன்றிரவு கதவின் பூட்டில் டேப் ஒட்டியிருந்ததைக் கவனித்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற காவலாளி. பிய்த்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் டேப். உடனே போலீசைக் கூப்பிட்டார். படத்தில் அந்தக் காவலாளியாக வருவது நடிகர் இல்லை, அதே ஃபிராங்க் வில்ஸ்தான். அவர் 2000-இல் வறுமையில் இறந்தார். அந்த முகமும் அந்த நடையும் எங்கே பதிவாகியிருக்கின்றன? இந்தப் படத்தில்தான்.

நிருபர்களைத் தூக்கி வைக்கிறது என்பதும் முழுக்கச் சரியில்லை. 1972 அக்டோபரில் நிக்சனின் தலைமை உதவியாளர் ஹால்டிமன் பற்றி அவர்கள் எழுதியதில் ஒரு விவரம் தப்பு. நடுவர் குழு முன்னால் ஒரு சாட்சி அவர் பெயரைச் சொன்னதாக எழுதினார்கள், சாட்சி அப்படிச் சொல்லவே இல்லை. அந்தச் சறுக்கலையும், அதனால் பத்திரிகை பட்ட அவமானத்தையும் படம் மறைக்கவில்லை.

பழைய_காசாளர்:
ஊழியர் வந்தார், சரி. பத்து எபிசோடில் எத்தனை நிமிடம் இருக்கிறார்? ஃபிராங்க் வில்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் உங்கள் படத்தில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிற வசனம் எது? 'பணத்தின் பின்னால் போ'. அது நிருபர்களின் புத்தகத்திலேயே இல்லை. திரைக்கதை எழுதியவர் சேர்த்தது. உலகம் அதை நிருபர்களுக்குத் தகவல் கொடுத்த ரகசிய ஆள் சொன்னதாகவே நம்புகிறது. நான் பேரேட்டில் இப்படி ஒரு வரி இட்டுக்கட்டி எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

தாராவி_கொத்தனார்_மகள்:
அண்ணா, சார், இரண்டு பேரும் ஏன் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள்? நம் ஊர்ப் படம் ஒன்று இருக்கிறதே, 'ஜானே பி தோ யாரோ', 1983.

அப்பா திருநெல்வேலியில் இருந்து வந்த கொத்தனார். சிமென்ட் அப்போது கட்டுப்பாட்டில் இருந்தது. பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது, கிடைத்தால் கள்ள விலை. சாந்து குழைக்கும்போது மணலைக் கூட்டச் சொல்லி மேஸ்திரி கண்ணைக் காட்டுவாராம். அப்பா கையில் ஒரு பிடி சாந்தை அமுக்கிக் காட்டி, "இது நிக்கும், இது உதிரும்" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதே காலத்தில்தான் கட்டுமான முதலாளிகள் மகாராஷ்டிர முதல்வர் அந்துலேயின் அறக்கட்டளைகளுக்கு நன்கொடை கொடுத்துக் கூடுதல் சிமென்ட் வாங்கினார்கள் என்று 1981-இல் இந்தியன் எக்ஸ்பிரஸில் அருண் ஷோரி எழுதினார். 1982 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு எதிராக வந்ததும் அந்துலே விலகினார்.

அடுத்த வருஷம் இந்தப் படம். பில்டர், மாநகராட்சி கமிஷனர், பேரம் பேசும் பத்திரிகை ஆசிரியர், இடிந்து விழும் பாலம், உண்மையைப் படம் பிடித்த இரண்டு அப்பாவிப் புகைப்படக்காரர்கள். கடைசியில் பாலம் விழுந்த பழி அந்த இரண்டு பேர் தலையில் விழுகிறது. அந்துலே பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த முடிவைப் பார்த்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. தீர்ப்பில் ஒரு முதல்வர் தோற்றார். சாந்து குழைத்தவனுக்கு என்ன தோன்றியது என்பது படத்தில்தான் இருக்கிறது. எனக்கு அதுவும் வரலாறு.

பழைய_காசாளர்:
அம்மா, உன் அப்பா சொன்னது வரலாறு. அதை எழுதி வை. படம் மகாபாரத நாடக மேடையில் பிணத்தை வைத்து அடிக்கும் கூத்து. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்துலே யார் என்று தெரியாதவனுக்கு அந்தப் படம் ஒன்றையும் சொல்லாது.

டோம்பிவிலி_8_05:
படங்கள் ஒன்றும் சொல்லாது என்றால் ஏன் அழிக்கிறார்கள்? ஆட்சியாளர்களை நையாண்டி செய்த 'கிஸ்ஸா குர்ஸி கா' படத்தின் நெகட்டிவ் எமர்ஜென்சியில் அழிக்கப்பட்டது. குர்காவ் மாருதி வளாகத்தில் எரித்ததாக வழக்கு நடந்தது. 1979-இல் சஞ்சய் காந்திக்கும் எமர்ஜென்சி கால தகவல் ஒலிபரப்பு அமைச்சர் வி.சி. சுக்லாவுக்கும் தண்டனை விதித்தார்கள், பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இயக்குநர் அம்ரித் நஹாட்டா படத்தைத் திரும்பவும் எடுத்தார். ஒரு டெல்லிப் பத்திரிகை ஆசிரியரின் கதையான 'நியூ டெல்லி டைம்ஸ்' 1986-இல் வந்தது. அதைத் தூர்தர்ஷன் அறிவித்துவிட்டு ஒளிபரப்பாமல் நிறுத்தியது.

பழைய_காசாளர்:
அதிகாரம் பயந்தால் படத்தில் இருப்பது உண்மை என்று ஆகிவிடாது தம்பி. பொய்யைக் கண்டும் பயப்படுவார்கள். ஆனால் எரித்த வழக்கு வரலாறு, அதை மறுக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன். எமர்ஜென்சி வந்து இரண்டு நாள் கழித்துப் பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஓர் இரங்கல் விளம்பரம் வந்தது. ஜனநாயகம் என்ற ஆள் ஜூன் 26 அன்று காலமானார், மனைவி பெயர் சத்தியம், மகன் பெயர் சுதந்திரம் என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலப் பெயர்களை உடைத்து எழுதியிருந்தார்கள். தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் இரங்கல் பத்தியில் நுழைந்துவிட்டது. அந்த நாலு வரிக்கு இணையாக ஒரு படத்தைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

செம்பூர்வாசி:
அந்த நாலு வரியை யார் எழுதினார், கவுன்டரில் யார் காசு வாங்கினார், அச்சுக் கோத்தவர் கவனித்தாரா? இதைத்தான் சார் ஒரு படம் காட்ட வேண்டும் என்கிறேன். அந்தக் கவுன்டர்க்காரர் உங்கள் மாதிரி ஒருவர்தானே.

பழைய_காசாளர்:
அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன். ஒரு நிபந்தனை. படம் போடுவதற்கு முன்னால் ஜானகிராமன் குழு அறிக்கையை அரை மணி நேரம் வாசிக்க வேண்டும். என்னிடம் பிரதி இருக்கிறது.

செம்பூர்வாசி:
தாராளமாக. ஆனால் படத்தின் நீளத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டேன். மகள் கேட்கிறாள், பிஆர் சீட்டு ஒன்று உங்களிடம் இருக்குமா?

பழைய_காசாளர்:
அதையெல்லாம் வெளியே கொண்டுவர முடியாதம்மா. ஆனால் அதன் வாசகம் எனக்கு மனப்பாடம். ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வை, எழுதிக் காட்டுகிறேன்.