புதுப்பிப்பு: முட்டிவலியோடு திருத்தணி படி ஏறலாமா?

ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் இங்கே கேட்டிருந்தேன்: வயது அறுபத்தெட்டு, முட்டித் தேய்மானம், திருத்தணியில் 365 படியும் ஏற ஆசை, முடியுமா என்று. "பேசாமல் ஆட்டோவில் போங்க சார்" என்றவர்களே அதிகம். ஏறிவிட்டேன்!

பிசியோதெரபி தம்பி சொன்னதுதான் கைகொடுத்தது. முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தே அதை வலுவாக்கலாமாம். அப்புறம், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பாரம் என்பதால் திரும்பும்போது ஆட்டோவேதான். அந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி.

கிருத்திகைக் கூட்டத்தில் போகவில்லை. சாதாரண செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுமுன். வெறுங்காலுக்குக் கல் இன்னும் குளிர்ச்சி. பக்கத்தில் ஆந்திராவின் நகரியிலிருந்து வந்த ஒரு அம்மா, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். குனிந்து நிமிர்ந்து எனக்கு முன்னால் போய்விட்டார்! "மெல்லகா ரண்டி அண்ணா" (மெதுவாக வாங்க அண்ணா) என்று தெலுங்கில் எனக்கு ஆறுதல் வேறு.

எங்கள் ஊரில் தெலுங்கு சகஜம். 1960 வரை திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அப்பாவின் பழைய நிலப் பத்திரம்கூடத் தெலுங்கில்தான். சந்தையில் தெலுங்கில் பேரம் பேசுவார், மலையில் திருப்புகழ் பாடுவார்.

வலி? மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, முட்டி ஒன்றும் சொல்லவில்லை. டிசம்பர் 31 படித் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த நெரிசலுக்கு நான் வரவில்லை.