சொட்டுநீர் மானியத்துக்குப் பனையை வெட்டணுமா?

வணக்கம். விருதுநகர் பக்கம் மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். சிறு விவசாயி சான்று வாங்கி 100 சதவீத மானியத்தில் சொட்டுநீருக்குப் பதிந்திருக்கிறேன். அளவெடுக்க வந்த கம்பெனி ஆள், “நடுவரப்புல நிக்கிற ஏழு பனையையும் எடுத்துடுங்க, மெயின் பைப் நேராப் போகணும்” என்கிறார்.

பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்களே! அதில் இரண்டு எங்கள் ஐயா ஊன்றிய விதை. தூக்கணாங்குருவிக் கூடு இப்போதும் தொங்குகிறது.

மரத்தை எடுக்கச் சொல்லி மானிய விதியில் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை அவர் வேலை சுலபமாக முடியச் சொல்கிறாரா? வரப்பு மரத்தை விட்டுவிட்டு பைப்பை வளைத்துப் போட்டவர்கள் இருந்தால் ஒரு போட்டோ போடுங்கள். வியாழக்கிழமை மறுபடி வருகிறாராம்.