மதிப்பீட்டுக் குழுவில் எம்.எல்.ஏ. இருந்தா கால்வாய் வருமா?

ரயில்கேட் பாபு:
எங்க எம்.எல்.ஏ. சட்டப்பேரவை மதிப்பீட்டுக் குழு உறுப்பினராம், டீக்கடை சுவர்ல போஸ்டர். மழை விட்டு மூணு நாளாச்சு, தெருவுல இன்னும் முட்டி அளவு தண்ணி. சிலிண்டரைக் கட்டில் மேல ஏத்தி வச்சுதான் சமையல். குழுவுல அவர் பேசினா பட்ஜெட்ல எங்க கால்வாய்க்குப் பணம் வருமா?

கோட்டை பெரிசு:
வராது தம்பி. 31 வருஷம் கோட்டையில ஃபைல் தூக்கினவன் சொல்றேன். அந்தக் குழு, ஒதுக்கின பணத்துல எங்க சிக்கனம் பண்ணலாம்னு பார்க்கும். அரசுக் கணக்கைத் தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கையை வச்சு அதிகாரிங்களைக் குடையறது பொதுக் கணக்குக் குழு. அங்க பதில் சொல்ல வர்ற செயலாளர் எத்தனை தடவை தண்ணி குடிப்பார்னு எண்ணியிருக்கேன்!

பட்ஜெட் படிச்ச பிறகு துறைவாரியா மானியக் கோரிக்கை வரும், அதாவது ஒவ்வொரு துறைக்கும் பணம் ஒதுக்கச் சொல்லி பேரவையில கேட்கறது. நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கல் துறை நாள்ல உங்க எம்.எல்.ஏ. எழுந்து கேட்கணும். ஆனா துறைங்க தங்களோட மதிப்பீட்டை அதுக்குப் பல மாசம் முன்னாடியே நிதித்துறைக்கு அனுப்பிடும். அதனால தண்ணி வடியறதுக்குள்ள போட்டோவோட அந்தத் துறைக்கு மனு கொடு.

காசிமேடு செல்வி:
தொகுதி நிதி இருக்கே, வருஷம் 3 கோடி?

கோட்டை பெரிசு:
அது தொகுதி முழுக்கவும்மா. பெரிய கால்வாய்க்கு எங்க போதும்? பேரவை மனுக்கள் குழுவுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.

ரயில்கேட் பாபு:
போட்டோ எடுத்தாச்சு பெரிசு. சிலிண்டரும் விழுந்திருக்கு அதுல.