ஜிகினா எங்கே மின்ன வேண்டும்? வடசென்னை டிசைனர்களின் அனுபவப் பகிர்வு

கல்மண்டபம் டிசைனர்

வீடியோ அழைப்பிதழ் வேலை செய்கிறவர்கள் அவரவர் அனுபவத்தைச் சொல்லட்டும் என்று இதைத் தொடங்குகிறேன். மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, பிறந்தநாள், கல்யாணம் என எது வந்தாலும் எங்கள் ராயபுரம் பக்கம் வாடிக்கையாளர் கடைசியாகக் கேட்பது ஒன்றுதான்: "கொஞ்சம் மினுமினுன்னு வச்சுக் கொடுங்க."

எழுத்தை ஜிகினாவாக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். போட்டோஷாப்பில் பெயரைத் தங்க நிறத்தில் நிரப்பி, அந்த லேயரை (படத்தின் ஓர் அடுக்கை) மூன்றாக்கி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக ஆட் நாய்ஸ் போட வேண்டும். பில்டர் ஒவ்வொரு முறையும் புள்ளிகளை வேறு இடத்தில் தூவும். மூன்று லேயரையும் டைம்லைனில் மூன்று பிரேமாக்கி (ஒன்றன்பின் ஒன்றாக வரும் படங்களாக்கி), ஒவ்வொன்றுக்கும் 0.1 நொடி கொடுத்து லூப் விட்டால் எழுத்து மினுக்கும். கிம்ப் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். அங்கே லேயரேதான் பிரேம்.

பெயருக்கு இது போதும், போட்டோவுக்குப் போதாது. சமீபத்தில் ஓர் அம்மா தன் மகளின் மஞ்சள் நீராட்டுப் படத்தைக் கொண்டுவந்தார். நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, ஒட்டியாணம் என்று பிள்ளை நிறைய நகை போட்டிருந்தாள். மின்னும் நட்சத்திரம் வைக்கிற ஸ்பார்க்கிள் பிரஷை நான் எடுத்ததும் அந்த அம்மா திரையைக் காட்டிச் சொன்னார்: "கல்லு மட்டும் மின்னட்டும் தம்பி, மூஞ்சி மேல ஒண்ணும் வேணாம். புள்ள மூஞ்சி தெரியணும்." டிசைன் படித்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி ஜிமிக்கியைப் பார்த்தால், கேமரா பிளாஷ் பட்ட கற்களில் ஏற்கெனவே வெள்ளைப் புள்ளி இருக்கும். நட்சத்திரம் பிறக்க வேண்டிய இடம் அதுதான். வேறெங்கே வைத்தாலும் ஒட்டவைத்த மாதிரி தெரியும். நடு வெள்ளை, ஓரம் கல்லின் நிறம்: கெம்புக்கல்லுக்கு இளஞ்சிவப்பு, தங்கத்துக்கு மஞ்சள். நட்சத்திரம் இரண்டு பிரேமில் வளர்ந்து, ஒரு பிரேம் முழுசாக நின்று, நாலைந்து பிரேமில் மெல்ல மங்க வேண்டும். ஏறுவது வேகமாக, இறங்குவது நிதானமாக. அப்புறம் ஒரு நொடிக்கு மேல் அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த வெறுமை இருந்தால்தான் அடுத்த மின்னலைக் கண் தேடும்.

அந்த அம்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி போடு" என்றார். முடிந்ததும் திரும்பவும் போடச் சொன்னார்.

தண்டையார்பேட்டை சீரியல்செட் வீடு

அண்ணா, நீங்கள் சொன்ன வெறுமை எங்கள் வீட்டுத் தொழில். அப்பா கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டியவர். ஆடி மாசம் வந்தால் அம்மன் உருவம், பாம்பு, தாமரை என்று பலகையில் பல்பு கட்டி நிறுத்துவார். பல்பு வரிசையை மூன்று லைனாகப் பிரிப்பார். ஒன்று, நான்கு, ஏழாவது பல்பு ஒரு லைன், இரண்டு, ஐந்து, எட்டு அடுத்த லைன், மிச்சம் மூன்றாவது. மோட்டாரில் ஓர் உருளை சுற்றும். அதன் மேல் தகடு எந்த லைனைத் தொடுகிறதோ அந்த லைன் எரியும். பல்பு இடத்தைவிட்டு அசையாது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு வெளிச்சம் ஓடும். மூன்று பிரேம் ஜிஃப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் அசையும் படம்) இதே வேலைதான் செய்கிறது. ஒரு பிரேமுக்கு ஒரு லைன் என்று வைத்துப் பாருங்கள்.

அப்பா ஒன்றில் கண்டிப்பாக இருப்பார். எல்லா லைனும் ஒரே நேரத்தில் அணையவே கூடாது. "மொத்தமா அணைஞ்சா கரண்ட் போச்சுன்னு ஜனம் கத்தும்" என்பார். நான் இப்போது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் வேலை செய்யும்போது இதைத்தான் பின்பற்றுகிறேன். எல்லா நட்சத்திரமும் சேர்ந்து மின்னினால் சேர்ந்தே அணையும், அதனால் ஆளுக்கொரு கணக்கு. ஒரு நட்சத்திரம் 17 பிரேமுக்கு ஒருமுறை, இன்னொன்று 23 பிரேமுக்கு ஒருமுறை. இரண்டும் பகா எண்கள் என்பதால் 391 பிரேமுக்கு ஒருமுறைதான் சேர்ந்து மின்னும். நொடிக்கு 25 பிரேம் என்றால் கிட்டத்தட்ட 16 நொடி. மூன்றாவதாக 29 சேர்த்தால் அழைப்பிதழ் முடியும்வரை மூன்றும் சேராது. பார்க்கிறவருக்கு லூப் என்றே தெரியாது.

இன்னொன்று. பின்னணியில் நிஜ சீரியல் விளக்கு இருக்கும் படங்களில் விளக்கைச் சுற்றிக் கதிர் விழுந்திருக்கும். அது லென்ஸுக்குள் இருக்கும் இதழ்களால் வருவது. இதழ் ஆறு என்றால் ஆறு கதிர், ஏழு என்றால் பதினான்கு. இரட்டைப்படையில் எதிரெதிர்க் கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும், ஒற்றைப்படையில் தனித்தனியாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் நாலு கதிர் பிரஷ் வைக்காதீர்கள். இருக்கிற கதிரை எண்ணி அதே மாதிரி வையுங்கள்.

பெரம்பூர் அக்கா

எனக்கு இந்த ஆசை வந்ததே பிரவுசிங் சென்டரில். ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இருந்த காலத்தில் தோழிகளுக்கு ஸ்கிராப் (அவர்கள் பக்கத்தில் எழுதும் செய்தி) அனுப்ப, பெயர் மின்னும் ஜிஃப் செய்து கொடுப்பேன். 256 நிறம்தான், அதற்குள்ளேயே தங்கம், வெள்ளி, ரோஸ் எல்லாம் அடங்க வேண்டும். 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி ஆர்குட்டை மூடியபோது அந்தப் பக்கங்களும் போய்விட்டன. பென் டிரைவில் சில மிச்சம் இருக்கின்றன. இன்று பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கின்றன. குறைந்த நிறத்தில் வேலை செய்து பழகியவர்கள் எங்கே எந்த நிறம் வேண்டுமென்று யோசித்து வைப்பார்கள், அந்தப் பழக்கம் இன்றைக்கும் எனக்குக் கை கொடுக்கிறது.

எம்.சி. ரோடு

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகளுக்கு வீடியோ எடிட் செய்கிறேன். புடவைக்கு ஸ்பார்க்கிள் கேட்கும்போது ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சரிகையா, சமிக்கியா?

சரிகை என்பது நூலின் மேல் சுற்றிய மெல்லிய உலோகக் கம்பி. அதில் வெளிச்சம் கோடாக ஓடும், புள்ளியாகத் தெறிக்காது. சரிகைப் பார்டர் மேல் நட்சத்திரத்தை வைத்தால் பட்டுப்புடவை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கடைக்காரர்கள் இதை உடனே கண்டுபிடிப்பார்கள், காலம் பூராவும் சரிகையைத் தொட்டுப் பார்த்த கண் அது. நான் செய்வது இது: பார்டரை மட்டும் செலக்ட் செய்து மாஸ்க் போட்டு, அதற்குள் சாய்வான ஒரு வெளிர்மஞ்சள் பட்டையை மெதுவாக நகர்த்துவேன். பிளெண்டிங் மோட் ஸ்கிரீன், அதாவது கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் கீழே உள்ள படத்தோடு சேரும் முறை. மடிப்பின் மேட்டில் கொஞ்சம் தூக்கலாக, பள்ளத்தில் ஒன்றுமே இல்லாமல். கடையில் புடவையை விரித்து அசைத்துக் காட்டுவார்களே, அந்த அசைவு வந்துவிடும்.

சமிக்கி, கல் வைத்த வேலைப்பாடு என்றால் கல்மண்டபம் அண்ணன் சொன்ன முறைதான் சரி. ஒவ்வொரு சமிக்கியும் ஒரு குட்டிக் கண்ணாடி. கோணம் சரியாக வந்தால்தான் ஒரு கணம் பளிச்சிடும், மற்ற நேரம் சும்மா கிடக்கும். ஆயிரம் சமிக்கி இருந்தாலும் ஒரு நேரத்தில் மின்னுவது சிலதுதான்.

கறுப்புப் பின்னணியில் வரும் ஸ்பார்க்கிள் வீடியோக்களை வாங்கி வைத்திருப்பவர்களும் ஸ்கிரீன் மோடையே போடுங்கள். கறுப்பு தானாக மறைந்துவிடும், வெட்டி எடுக்க வேண்டியதில்லை.

வியாசர்பாடி தம்பி

அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் புட்பால் டீம் லோகோவுக்கு மின்னும் ஜிஃப் செய்தேன். கம்ப்யூட்டரில் பின்னணி இல்லாமல் நன்றாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பின்னணி ஒட்டிக்கொண்டு வருகிறது. லோகோ ஓரத்திலும் வெள்ளையாகப் பிசிறு.

கல்மண்டபம் டிசைனர்

தம்பி, வாட்ஸ்அப் ஜிஃப்பை வீடியோவாக மாற்றித்தான் அனுப்பும். அந்த வீடியோவில் பின்னணி இல்லாமல் இருக்க வழியில்லை. உனக்கு வேண்டியது அசையும் ஸ்டிக்கர்: வெப்பி (WebP) என்ற வகைப் பைல், 512-க்கு 512 பிக்சல், 500 கேபிக்குள் இருக்க வேண்டும். லோகோவுக்கு இரண்டு மூன்று நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொண்டால் அளவு அடங்கிவிடும்.

பிசிறு வருவதற்குக் காரணம் வேறு. ஜிஃப்பில் ஒரு பிக்சல் முழுசாகத் தெரியும், இல்லையென்றால் முழுசாக மறையும். பாதி மங்கல் என்பதே கிடையாது. உன் நட்சத்திரத்தின் மென்மையான ஓரம் வெள்ளையோடு கலந்து திடமாகிவிட்டது. சேவ் செய்யும் இடத்தில் மேட் என்று ஒன்று இருக்கும், அதில் எந்தப் பின்னணியில் போடப்போகிறாயோ அந்த நிறத்தைக் கொடு. வெப்பியில் இந்தத் தொல்லையே இல்லை.

ஜிஃப்பில் பிரேம் நேரம் நொடியில் நூற்றில் ஒரு பங்காகத்தான் கணக்கு. வேகமாக ஓடட்டும் என்று 0.01 போட்டால் பிரவுசர்கள் அதை 0.1 ஆக்கி மெதுவாக ஓட்டும். 0.05-லிருந்து தொடங்கு, போதும்.

காசிமேடு

நான் டிசைனர் இல்லை, கல்யாண மண்டபத்தில் எல்இடி வால் (மேடையில் வைக்கும் பெரிய திரை) ஓட்டுகிறேன். உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வரவேற்பில் மணமக்கள் பெயர் வரும் வீடியோ ஓடியது. ஒவ்வொரு பெயருக்கும் திரை முழுக்க வெள்ளையாக அடித்து அணைந்தது, வேகமாக, பல தடவை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. அவருக்கு முன்பே அந்தத் தொந்தரவு உண்டாம். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள், நான் திரையை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்த வெளிச்சத்தால்தான் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அன்றிலிருந்து பைல் வாங்கியதும் முழுசாக ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் திரையில் போடுவதில்லை.

கல்மண்டபம் டிசைனர்

அண்ணா, நீங்கள் இதை எழுதியது ரொம்ப நல்லது. இது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். 1997 டிசம்பரில் ஜப்பானில் டிவியில் ஒரு கார்ட்டூன் ஓடியபோது சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி அடித்ததில் 600-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். இணையதளங்களுக்கான அணுகல் விதிமுறையில் இதற்கு அளவே சொல்லியிருக்கிறார்கள்: எந்த ஒரு நொடியிலும் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. அடர்சிவப்பு பளிச்சிடுவது இன்னும் ஆபத்து.

ஜிமிக்கியில் மின்னும் சின்னப் புள்ளி இந்தக் கணக்கில் வராது. பெரிய பரப்பு ஒரேயடியாக வெளுத்து அணைவதுதான் பிரச்சினை. செல்போனில் பார்க்கும்போது சிறிதாகத் தெரிவது, மண்டபத்துத் திரையில் முன்வரிசைக்காரர் பார்வை முழுவதையும் அடைத்துவிடும். அதனால் எல்இடி வாலுக்கு என்று தனி பைல் எடுங்கள். வெள்ளை பிளாஷ் இருக்கிற இடத்தில் ஒரு நொடி எடுத்து மெல்ல வெளுத்து மெல்ல மங்கும்படி மாற்றிவிடுங்கள். பெயர் அதே அளவு எடுப்பாகத்தான் வரும். பழைய டெம்ப்ளேட்டில் பிளாஷ் இருக்கிறது, எப்படி எடுப்பதென்று தெரியவில்லை என்றால் பைலை எனக்கு அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.